சாய்கோட்டில் எழுந்த பெயர்ப்பலகை

1991 வாக்கில் கிளென் சாப்பல் என்பவர் சி மொழியில் 170 வரிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினார். நியூபேன் என்று பெயர் வைத்தார். ஒரு சொல்லைக் கொடுத்தால், விசைப்பலகையில் கிடக்கும் சாய்கோடு, அடிக்கோடு, நெடுங்கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றைக் கொண்டே அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் திரையில் கட்டித் தரும். அதில் இருந்தது ஒரே ஒரு ஃபாண்ட். அதிலும் ஆங்கிலச் சின்ன எழுத்துகள் மட்டும். வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிற அளவுக்கு இது பெறாது என்று பிறகு அவரே அதை அழித்துவிட்டார்.

அதற்குள் பிரதிகள் இணையத்தில் கைமாறத் தொடங்கியிருந்தன. 1993-இல் அவரும் நண்பர் இயன் சாயும் சேர்ந்து அந்த நிரலைச் சீர்படுத்தலாம் என்று உட்கார்ந்தபோது, மூல நிரல் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதே இயனுக்கு முதல் வேலையாயிற்று. பிறகு ஏழு மாத உழைப்பு. கடைசியில் 888 வரி நிரலும் 13 ஃபாண்ட்களும் விளக்கக் குறிப்பும் கிடைத்தன. அதுதான் ஃபிக்லெட் 2.0. இன்று எந்த லினக்ஸ் கணினியிலும் ஒரே கமாண்டில் நிறுவிக்கொள்ளக்கூடிய கருவி. மென்பொருள்களின் வாசலில் நாம் பார்க்கும் குறியெழுத்துப் பெயர்ப்பலகைகளில் பெரும்பங்கு இதன் பிள்ளைகள், இல்லையென்றால் பேரப்பிள்ளைகள்.

பெயரிலேயே பிறந்த கதை இருக்கிறது. ஃபிராங்க், இயன், கிளென் என்ற மூவரின் எழுத்துகள் என்பதன் சுருக்கமே ஃபிக்லெட். மூவரில் முதலில் நிற்கும் ஃபிராங்க் ஷீரனின் பங்கு ஒரு மின்னஞ்சல் கையொப்பம். அவர் தன் கடிதங்களின் அடியில் அழகாகக் கட்டியிருந்த பெயரைப் பார்த்துத்தான் கிளெனுக்கு நிரல் எழுதும் எண்ணமே வந்தது. ஒரு கையொப்பத்தைப் போட்டதற்காக ஒருவரின் பெயரை முதல் எழுத்தாக வைத்த அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அழகைச் செய்து காட்டியவருக்கும் ஆக்கியவர் என்ற இடம் உண்டு என்று அந்த இருவரும் நினைத்திருக்கிறார்கள்.

அன்றைய மின்னஞ்சலில் வண்ணம் கிடையாது, படம் கிடையாது, எழுத்துருவை மாற்றும் வழியும் கிடையாது. எழுத்து ஒன்றே சரக்கு. கையொப்பம் நாலு வரியைத் தாண்டினால் அடுத்தவரின் திரையை வீணாக்குகிறாய் என்று கண்டிக்கும் வழக்கமும் இருந்தது. அந்த நாலு வரிக்குள் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். 1967-இல் திருத்தப்பட்ட ஆஸ்கி தரத்தில் அச்சாகக்கூடிய குறிகள், இடைவெளியையும் சேர்த்து, மொத்தம் 95. அவ்வளவுதான் கையில் இருந்த கல்லும் மண்ணும்.

ஆனாலும் குறிகளால் பெரிய எழுத்து கட்டுவது மின்னஞ்சலுக்கு முன்பே பிறந்தது. படம் வரைவது இன்னும் பழையது. 1898-இலேயே ஃப்ளோரா ஸ்டேசி என்ற பெண் தட்டச்சுப் பொறியில் ஒரு பட்டாம்பூச்சியை அடித்துக் காட்டியிருக்கிறார். அது கைத்திறன். பெயரைப் பெரிதாக அடிக்கும் தேவையோ பெருங்கணினிக் கூடங்களில் வந்தது. அங்கே ஒரே அச்சுப்பொறிதான் எல்லோருக்கும். 1959-இல் வந்த ஐபிஎம் 1403 போன்ற வரி அச்சுப்பொறிகள் ஒரு வரிக்கு 132 குறிகள் வீதம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகளை அடித்துத் தள்ளும். மடிப்பு மடிப்பாக இறங்கும் தொடர்தாளில் ஒருவரின் கணக்கு எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது? ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு பக்கம் முழுக்க, பயனரின் பெயரையோ வேலையின் பெயரையோ பெரிய எழுத்தில் அடித்துவிடுவார்கள். இயக்குபவர் தூரத்திலிருந்தே பார்த்து, கிழித்து, உரிய அலமாரியில் போடலாம். பேனர் பக்கம் என்று அதற்குப் பெயர்.

யூனிக்ஸில் பேனர் என்றே ஒரு கமாண்ட் இருந்தது. சிஸ்டம் வி வகையில் ஒரு வரிக்குப் பத்து எழுத்து வரை திரையில் குறுக்காக அடிக்கும். பிஎஸ்டி வகையில் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுத் தொடர்தாளின் நீளத்துக்கு ஓடவிடும். அதைக் கிழித்து அப்படியே சுவரில் கட்டலாம். இரண்டிலுமே எழுத்து முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். நியூபேன் என்ற பெயரே இந்தப் பேனருக்குப் பதில் சொல்ல வந்தது. ஒரே குறியைக் குவித்து எழுத்தை நிரப்பிய பழைய முறையை விட்டு, சாய்கோடும் அடிக்கோடும் ஓரங்களை வரைய, உள்ளே வெற்றிடம் தெரியும் எழுத்து இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஃபிக்லெட் பரவியதற்கு நிரலைவிட அதன் ஃபாண்ட் கோப்பே காரணம் என்பது என் கருத்து. அது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். முதல் வரியில் எழுத்தின் உயரம் எத்தனை வரி, எழுத்து உட்காரும் அடிமட்டம் எது, குறிப்புரை எத்தனை வரி என்ற விவரங்கள் இருக்கும். அதன் கீழே ஒவ்வோர் எழுத்தும் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு குறி, எழுத்தின் கடைசி வரியில் அதே குறி இரண்டு முறை. நம் ட-வை அந்தக் கோப்பில் எழுதினால் இப்படி இருக்கும்:

    #       @
    #       @
    #       @
    #       @
    ####### @@

இதைப் பார்த்தவர் யாராயிருந்தாலும் அடுத்து ப-வைத் தானே எழுதிவிடுவார். வலது பக்கமும் ஒரு சுவர் எழுப்பினால் போதும். எழுத்துரு வடிவமைப்பு என்ற துறைக்குள் கால் வைக்கச் சிறப்பு மென்பொருளோ பயிற்சியோ தேவைப்படாத ஒரு வாசல் இது. ஊர்ப் பண்டிகையில் தெருமுனையில் நிறுத்துகிற சீரியல் பல்புப் பலகையில் மாரியம்மன் பெயரை ஒவ்வொரு பல்பாகக் கோத்து எழுதுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்த இடத்தில் பல்பு, எந்த இடத்தில் இருட்டு என்பதுதான் இங்கேயும் கேள்வி.

இதனால்தான் 2.0 வெளியானதும் கிளெனும் இயனுமே எதிர்பாராத ஒன்று நடந்தது. பாராட்டுக் கடிதங்களோடு கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு புது ஃபாண்ட் வந்து சேர்ந்தது. அடுத்த பதிப்பில் அறுபதுக்கு மேல். 1996-இன் கடைசியில் இருநூறை நெருங்கிவிட்டது. டாஸ், மெக்கின்டாஷ், அமிகா, அட்டாரி என்று அன்றிருந்த கணினிகளுக்கெல்லாம் ஆர்வலர்கள் ஃபிக்லெட்டைக் கொண்டுபோனார்கள். வலமிருந்து இடமாக அச்சிடும் வசதி 2.1-இல் வந்தது, ஹீப்ரு ஃபாண்ட் வந்தது. பின்னர் ஜான் கவன் 2.2-ஐ எழுதினார். அவரும் பால் பர்டனும் சேர்ந்து ஃபாண்ட் கோப்பின் தரத்தைத் தெளிவாக எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த கருவிகள், சாம் ஹோச்சவார் எழுதிய டாய்லெட் உட்பட, அதே கோப்புகளைத்தான் படிக்கின்றன.

எழுத்துகளை ஒட்டவைக்கும் விதிகளில்தான் ஃபிக்லெட்டின் கைவண்ணம் முழுக்கத் தெரிகிறது. வரைந்த எழுத்துகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடையில் சந்து விழும். தொடுகிற வரை நெருக்கிவைப்பது ஒரு முறை. அதற்கும் மேலே போய், ஒன்றன் விளிம்பை இன்னொன்றின் விளிம்பில் ஏற்றிவிடுவது இன்னொரு முறை. ஒரே குறி இரண்டு மோதினால் ஒன்றாகிவிடும். அடிக்கோட்டின்மேல் சாய்கோடு வந்தால் சாய்கோடு வெல்லும். எதிரெதிர் அடைப்புக்குறிகள் மோதினால் நடுவில் ஒரு நெடுங்கோடு நிற்கும். எதையும் மேலே ஏறவிடாத கெட்டியான வெற்றிடம் என்று ஒன்றும் உண்டு. பெரும்பாலும் டாலர் குறியால் அதைக் குறிப்பார்கள். கிடைவாக்கில் ஆறு விதி, நெடுவாக்கில் ஐந்து. 95 குறிகளுக்குள் நின்றுகொண்டு எழுத்துச் சேர்க்கைக்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்.

மென்பொருள்கள் இதை எடுத்துக்கொண்டதற்கு அலங்காரம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. 2014-இல் முதல் பதிப்பு வெளியான ஸ்பிரிங் பூட், தான் எழும்பும் ஒவ்வொரு முறையும் பெயரையும் பதிப்பு எண்ணையும் இப்படி அடிக்கிறது. பேனர் என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பை ப்ராஜெக்ட்டில் வைத்தால் நம் பெயரை அடிக்கும். மெட்டாஸ்ப்ளாய்ட் திறக்கும்போது வரவேற்பது இப்படியொரு குறிச்சித்திரம். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் லாகின் செய்தால் முதலில் தெரிவது அதன் பெயர்ப்பலகை. சர்வர் ஒன்று நடு இரவில் விழுந்து எழுந்திருக்கிறது என்று வையுங்கள். ஆயிரக்கணக்கான லாக் வரிகளை ஓட்டிக்கொண்டே போகிறவரின் கண்ணுக்கு, எந்த இடத்தில் மறுபடி எழுந்தது என்பது அந்தப் பேனரால்தான் சட்டென்று தட்டுப்படும். தொடர்தாளில் ஒருவரின் வேலையை அடுத்தவருடையதிலிருந்து பிரித்துக் காட்டிய அதே பணி. தாள் போய் லாக் வந்திருக்கிறது.

அந்தப் பணியை மறந்து போடும் பேனர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரல் வாங்கிப் படிக்கும்போது நடுவில் ஆறு வரிக்குச் சாய்கோடு வந்து விழுந்தால் அது தொல்லை. மனிதர் பார்க்கும் திரையா என்று சோதித்துவிட்டு அடிப்பதே முறை, அணைத்து வைக்கவும் ஒரு வழி வேண்டும். ரீட்மீ கோப்பில் போடுபவர்கள் அதை நிரல் பகுதியாகக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளிகள் சுருங்கி எழுத்து சரிந்துவிடும். நிரலின் உள்ளே சரமாக எழுதும்போது பின்சாய்கோடு ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டும், மறந்தால் எழுத்தின் ஒரு கால் காணாமல் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்வையில்லாதவர்கள் திரைபடிப்பான் வழியாகப் படிக்கிறார்கள் என்பது. அவர்கள் காதில் இது அடிக்கோடு, அடிக்கோடு, சாய்கோடு என்றுதான் விழும். பேனருக்குப் பக்கத்தில் பெயரைச் சாதாரண எழுத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்து இண்டூர். அந்தப் பெயரை ஃபிக்லெட்டில் எழுத வேண்டும் என்றால் என்ன செய்வது?

படிக்கிறவருக்கு இண்டூர் நாலு எழுத்து: இ, ண், டூ, ர். யூனிகோடில் எழுதினால் கணினி எண்ணுவது ஏழு: இ, ண, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, மறுபடி புள்ளி. ஃபிக்லெட் ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவம் என்ற கணக்கில் இடமிருந்து வலமாக அடுக்கும் கருவி. ஏழு உருவங்களை வரிசையாக நிறுத்திவிடும். ண-வின் தலைமேல் ஏற வேண்டிய புள்ளி பக்கத்தில் போய்த் தனியாக நிற்கும். டூ-வில் ஊகாரம் ட-வின் உடம்போடு கலந்து புது வடிவமாக வேண்டும். இங்கே ட ஒரு பக்கம், குறி ஒரு பக்கம். பக்கத்துப் பென்னாகரம் இன்னும் மோசம். ஆறெழுத்து, யூனிகோடில் பத்து. முதலெழுத்தான பெ-வில் கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, குறியெண் வரிசையிலோ ப முதலில், கொம்பு பிறகு. தட்டச்சுப் பொறியில் இந்தச் சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா உருவாக்கிய பொறியின் காலத்திலிருந்து, தமிழ் தட்டச்சு செய்கிறவர்கள் கண் பார்க்கும் வரிசையிலேயே கொம்பை அடித்துவிட்டு ப-வை அடித்தார்கள். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. தேடுவதற்கும் அகரவரிசைக்கும் அதுதான் நல்லது. கட்டங்களை அடுக்கி எழுத்து வரையும் கருவிக்கு அது ஒத்துவரவில்லை.

ஒரு கட்டத்தில் எதை வைப்பது என்ற இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. பாட்டின் எழுத்துகளைப் படமாக அடுக்கும் சித்திரகவியைப் பாடியவர்கள் இதை என்றோ தீர்த்துவிட்டார்கள். தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது. பரிதிமாற்கலைஞர் அதற்கென்றே தனியாக ஒரு விளக்க நூல் எழுதியிருக்கிறார். நாகபந்தத்தில் பாம்புகள் பின்னிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு அடிகளுக்கும் பொதுவாக நிற்க வேண்டும். பாம்பன் சுவாமிகள் பாடிய சதுரங்க பந்தம் எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் அமைவது. ஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெழுகூற்றிருக்கை, ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள் ஏறி இறங்க, தேர்த்தட்டுகளாக அடுக்கி எழுதத் தோதானது. இவற்றில் கட்டத்துக்குள் உட்காருவது எழுத்து. டூ என்றால் டூ முழுசாக ஒரு கட்டம். ட-வை ஒரு கட்டத்திலும் ஊகாரத்தை இன்னொன்றிலும் வைத்தால் எந்தப் பந்தமும் நிற்காது.

சித்திரகவி சின்ன எழுத்துகளைக் கொண்டு பெரிய படம் கட்டுகிறது, ஃபிக்லெட் சின்னக் குறிகளைக் கொண்டு பெரிய எழுத்தைக் கட்டுகிறது. வேலை வேறு, ஆனால் அளவுகோலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பேனருக்கு அலகு எழுத்தாக இருக்க வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வொன்றுக்கும் தனி உருவம்.

இதற்கு வேண்டிய துண்டுகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. இண்டூரைக் கொடுத்தால் ஏழு அல்ல, நாலு திரும்பி வரும். ஃபிக்லெட்டின் ஃபாண்ட் கோப்பில் கட்டாயமாக இருக்க வேண்டியவை 95 ஆஸ்கிக் குறிகளும் ஏழு ஜெர்மன் எழுத்துகளும். அதற்குக் கீழே எந்தக் குறியெண்ணை வேண்டுமானாலும் எழுதி உருவம் வரையலாம். 247-க்கும் தனித்தனி எண் வேண்டுமே என்றால், 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 இருக்கிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண், யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். சொல்லை எழுத்தாகப் பிரித்து, அந்த எண்களாக மாற்றி, ஃபிக்லெட்டுக்கு ஊட்டும் ஒரு சின்ன நிரல் போதும். கிளென் முதலில் எழுதிய 170 வரிகூட ஆகாது.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருக்கிறது. பல டெர்மினல்களில் தமிழ் இன்றும் சரியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரே அகலக் கட்டம் என்று கட்டப்பட்ட திரையில் கொம்பு இடம் மாறும், புள்ளி விலகும், ணை பக்கத்து எழுத்தின்மேல் ஏறும். வரைகலை இல்லாத லினக்ஸ் கன்சோலில் ஒரு ஃபாண்டுக்கு அதிகபட்சம் 512 வடிவங்கள், கூட்டெழுத்துகளைச் சேர்க்கும் திறன் அறவே இல்லை. அங்கே தமிழ் எழுதினால் வெறும் கட்டங்கள்தான். குறிகளால் கட்டிய தமிழ் எழுத்துக்கோ எந்தத் தமிழ் ஃபாண்டும் வேண்டாம். அதில் இருப்பதெல்லாம் 95 ஆஸ்கிக் குறிகள். தமிழே தெரியாத சர்வரின் கறுப்புத் திரையிலும், பழைய வரி அச்சுப்பொறியிலும், ரவுட்டரின் லாகினிலும் இண்டூர் இண்டூராகவே நிற்கும். தமிழில் மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் ப்ராஜெக்ட்டின் பெயரை ஆங்கிலத்தில் பேனராகப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது. தமிழ் தெரியவே வழியில்லை என்று நாம் ஒதுங்கிக்கொள்ளும் திரையில் தமிழைக் காட்ட இருக்கும் வழி இந்தப் பேனர்.

வரைவது சுலபமான வேலை அல்ல. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கோடுகளால் ஆனவை, சாய்கோடும் நெடுங்கோடும் அவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும். தமிழ் சுழியில் வாழ்கிறது. ஆங்கிலத்துக்கு ஆறு வரி உயரம் போதும். இங்கே மேலே புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் ஒரு வரி, கீழே உகரச் சுழிக்கு இரண்டு வரி ஒதுக்கினால் ஒன்பதுக்குக் குறையாது. நல்லவேளையாக ஃபிக்லெட்டில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறலாம், ர ஒடுங்கியிருக்கலாம், ணை அகன்று நிற்கலாம். ஒட்டும் விதிகளை முதலில் அணைத்துவைப்பது நல்லது. ஆங்கிலச் சாய்கோடுகளை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் நம் சுழிகளைத் தின்றுவிடும்.

247-ஐயும் ஒரே மூச்சில் வரைய வேண்டியதில்லை. ட, ப, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் கை பழகட்டும். பிறகு அவரவர் ப்ராஜெக்ட்டின் பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்தால் கோப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளரும். இண்டூரில் ர் ஒன்றுதான் எளிது, ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. டூ-வில் ட-வின் நேரான அடிக்கோடு வளைந்து சுழிக்க வேண்டும். இ-யின் சுழி பிறை அடைப்புக்குறிகளுக்குள் அடங்கலாம். மூன்று சுழி ண்தான் பெரிய சோதனை. மூன்று சுழியும் தனித்தனியே தெரிய 12 கட்டமாவது அகலம் வேண்டும். அதைக் குறைத்து வரைந்தால் படிக்கிறவர் ன் என்று படித்துவிடுவார், ஊர்ப்பெயர் பிழையாகிவிடும்.